கட்டுப்பாடும் வேண்டும், இடைவெளியும் வேண்டும்

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து மைசூரில் குடியேறிய நம் குடும்பங்களில் இரண்டு வகை வீடுகளைக் காணலாம். ஒரு வகை வீட்டில் பிள்ளைகளுக்குக் காலை முதல் இரவு வரை அட்டவணை. பள்ளி, டியூஷன், பாட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு என்று மூச்சு விட நேரமில்லை. மற்றொரு வகை வீட்டில் எதற்கும் வரைமுறை கிடையாது. "குழந்தை இஷ்டம்" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வீட்டுப் பிள்ளை தமிழ் என்றாலே முகம் சுளிக்கிறது. இரண்டாம் வீட்டுப் பிள்ளைக்கு ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு நாலு வரி எழுதத் தெரியவில்லை. வழி வேறாக இருந்தாலும் இரண்டு வீட்டிலும் நஷ்டம் ஒன்றுதான்.

கட்டுப்பாடும் சுதந்திரமும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் நினைப்பதே இதற்குக் காரணம். ரயில் பாதையில் வேலை பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். தண்டவாளம் இம்மியும் விலகக் கூடாது என்பது உண்மை. ஆனால் 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் வெயிலில் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்காகவே இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் கணக்குப் பார்த்து இடைவெளி விடுவார்கள். இடைவெளி போதாவிட்டால் கோடை வெயிலில் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். அதிகமானால் சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டவாளத்தின் முனை அடிபட்டுத் தேயும். இன்று பல பாதைகளில் தண்டவாளங்களை வெல்டிங் செய்து மிக நீளமாகப் போடுகிறார்கள். அங்கே நடுவில் இடைவெளி இல்லைதான். ஆனால் இரு கோடியிலும் நீளவும் சுருங்கவும் தனி இணைப்பு வைத்தே தீர வேண்டும். ஆக, இடைவெளி என்பது கட்டுப்பாட்டில் விழுந்த ஓட்டை அல்ல. அதுவும் அமைப்பின் ஒரு பகுதியே.

இரும்புக்குச் சரி, மனிதருக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நம் ஊரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பமே இதற்குச் சான்று. எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் தந்தை மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். அப்படிப்பட்டவரின் மகன் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றார். ஓராண்டு வீட்டிலேயே இருந்தார். அந்த ஆண்டு வீணாகவில்லை. படிப்பதிலும் எழுதிப் பார்ப்பதிலும் கழிந்தது. பிறகு 1930-இல் பட்டம் பெற்றார். கிடைத்த ஆசிரியர் வேலையை உதறிவிட்டு, வீட்டிலிருந்தபடியே நாவல் எழுதப் போவதாகச் சொன்னார். கூட்டுக் குடும்பம் அவரைத் தாங்கிக்கொண்டது. முதல் நாவல் 'சுவாமியும் நண்பர்களும்' 1935-இல் லண்டனில் வெளிவந்தது. குடும்பம் கொடுத்த இடைவெளி அது.

சுதந்திரம் கிடைத்தவர் அதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதையும் பார்க்க வேண்டும். யாதவகிரியில் அவர் கட்டிய வீட்டின் மாடியில், எழுதுவதற்கென்று எட்டு ஜன்னல் வைத்த அறை ஒன்று அமைத்தார். சாமுண்டி மலையும் சுற்றுப்புறமும் அங்கிருந்து தெரிந்தன. காட்சியின் அழகில் எழுத்து ஓடவில்லை. எனவே ஜன்னலுக்குத் திரை போட்டு மறைத்து, நாளுக்கு ஆயிரம் சொல் என்று கணக்கு வைத்து எழுதியதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். மைசூர் வீதிகளில் நடந்து, கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்து, மனிதர்களைக் கவனிப்பதும் அவர் வழக்கம். ஊரெல்லாம் சுற்றுவதற்கு ஒரு நேரம், திரையை இழுத்துவிட்டு உட்கார ஒரு நேரம் என்று இரண்டுக்கும் இடம் இருந்தது. 2011-இல் இடிபட இருந்த அந்த வீட்டைப் பொதுமக்களின் எதிர்ப்பு காப்பாற்றியது. 2016 முதல் அது நினைவில்லமாக இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

அவருடைய கடைசித் தம்பி ஆர்.கே. லட்சுமண், 1921-இல் மைசூரில் பிறந்தவர். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மகாராஜா கல்லூரியில் பட்டம் படித்துக்கொண்டே அண்ணனின் கதைகளுக்குப் படம் வரைந்தார். பின்னாளில் 'டைம்ஸ் ஆப் இந்தியா' நாளிதழில் ஒரு சிறு கட்டத்துக்குள் கேலிச்சித்திரம் வரைந்தார். 1951-இல் தொடங்கிய அந்தப் பகுதி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வந்தது. கட்டத்தின் அளவும், அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நேரமும் அவர் கையில் இல்லை. கட்டத்துக்குள் யாரைக் கேலி செய்வது என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. வாய் திறவாத அந்தச் சாமானிய மனிதர் அப்படித்தான் நாடறிந்தவரானார்.

வேலைத் தலத்திலும் இதே கதைதான். பாதையை மூடி வேலை செய்யும்போது எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும், அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பவை மாறாத விதிகள். அவற்றில் சமரசம் செய்தால் உயிர் போகும். ஆனால் யாரை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதை அனுபவமுள்ள மேட்டிடம் விட்டுவிட்டால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். அதையும் மேலதிகாரியே சொல்லிக்கொண்டிருந்தால், ஆட்கள் அடுத்த உத்தரவு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வீட்டிலும் பெற்றோர் இந்த மேலதிகாரி வேலையைச் செய்யக் கூடாது.

நம் வீடுகளில் என்ன செய்யலாம்? மாறாதவை மூன்று போதும் என்பது என் கருத்து. இரவுச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து. அந்த நேரத்தில் பேச்சு தமிழில். தினம் அரை மணி தமிழ் வாசிப்பு. இவற்றில் பெரியவர்களுக்கும் விலக்கு இல்லை. அப்பா மட்டும் தட்டின் பக்கத்தில் கைபேசியை வைத்துக்கொண்டால் விதி அன்றே செத்துவிடும். அந்த அரை மணியில் எதைப் படிப்பது என்பது பிள்ளையின் விருப்பம். கிரிக்கெட் செய்தியோ, துப்பறியும் கதையோ, சினிமாப் பத்திரிகையோ, எதுவானாலும் தமிழ்தானே? பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளை பேச்சில் இரண்டு கன்னடச் சொல்லைக் கலந்தால் உடனே திருத்தி மடக்கவும் வேண்டாம். பேச்சு நின்றுபோவதைவிட அது மேல்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளையும் உட்காரவைத்து, இந்த விதிகளில் எது தேவை, எதை மாற்றலாம் என்று பேசுங்கள். வெயிலுக்கு முன்பும் பின்பும் தண்டவாள இடைவெளியை அளந்து பார்ப்பதுபோல இதுவும் ஒரு பராமரிப்பு வேலை. வருகிற கோடை விடுமுறையில் தொடங்கிப் பார்க்கலாமே.