சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினீர்களா?



கடந்த ரமளானுக்கு முன்பு ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். மகனுக்குச் சவூதியில் டிரைவர் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்டிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்திருந்தார். மகனின் பாஸ்போர்ட்டும் அந்த ஆளிடமே இருந்தது. நாலு மாதமாகியும் விசா வரவில்லை. "ஸ்டேஷன்ல மூணு தடவை மனு கொடுத்துட்டேன் பாய்" என்றார். ரசீது இருக்கிறதா என்று கேட்டோம். "ரசீதா? விசாரிக்கிறோம், போய்ட்டு வாங்கன்னு சொன்னாங்க."

அவரோடு போய் விசாரித்தபோது அந்த மனு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. மனுவை வாங்கியவர் மாறுதலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். நாலு மாத அலைச்சலுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை.

காவல்துறை மக்களுக்குச் செய்யும் சேவைகள் என்றதும் மருத்துவ முகாம், விளையாட்டுப் போட்டி, போதை ஒழிப்புப் பேரணி எல்லாம் நினைவுக்கு வரும். அவையும் நல்லவைதான். ஆனால் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மேஜை மேலேயே ஒரு சேவை இருக்கிறது. அதன் பெயரே சமூக சேவைப் பதிவேடு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் நாம் சொல்லும் சி.எஸ்.ஆர். நீங்கள் கொடுத்த மனு அதில் பதிவாகி, எண்ணும் தேதியும் நிலையத்தின் பெயரும் உள்ள ரசீது உங்கள் கைக்கு வர வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. அந்த எண்ணை வைத்துத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மனுவின் நிலையைப் பார்க்கலாம்.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டோம், விசாரிக்கிறோம் என்பதற்கான சான்று மட்டுமே. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. வாசலில் நிறுத்திய பைக் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். நகல்தான் கேட்கும். சி.எஸ்.ஆரைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிடிவாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வியாபாரக் கொடுக்கல் வாங்கல் போன்றவற்றில் முதலில் சுருக்கமாக விசாரிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மருமகள் கொடுக்கும் புகாருக்கும் கடைக் கணக்குத் தகராறுக்கும் முதலில் சி.எஸ்.ஆர். தருவது இதனால்தான்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 173ஆம் பிரிவை நம் குடும்பங்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. மேலூரில் நடந்ததற்கு நெல்பேட்டைக்காரர் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம். அங்கே பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள்.

வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். அதே புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனருக்கு. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி.க்கு. புதன்கிழமைகளில் நடக்கும் குறைதீர் முகாமில் நேரிலும் கொடுக்கலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டை அணுகச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

தெரிந்த ஆளைப் பிடித்தால் போதாதா என்று பலர் நம்மிடம் கேட்கிறார்கள். காவல்துறைக்கும் மக்களுக்கும் பாலமாக 'போலீஸ் நண்பர்கள் குழு' 1993இல் நம் பக்கத்து ராமநாதபுரத்தில்தான் தொடங்கியது. அப்போது அங்கே எஸ்.பி.யாக இருந்தவர் பிரதீப் வி. பிலிப். பிறகு மாநிலம் முழுதும் பரவியது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபின் அந்தக் குழுவினர் மீதும் புகார் எழுந்தது. அரசு அதற்குத் தடை விதித்தது. நல்ல நோக்கத்தில் தொடங்கியதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஆள் மாறுவார், ரசீது மாறாது.

இன்னும் சில விஷயங்கள். பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், ஆர்.சி., பள்ளி கல்லூரிச் சான்றிதழ் தொலைந்தால் அதே இணையப் பக்கத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை வீட்டிலிருந்தே பெறலாம். ஆனால் ஏஜென்ட் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைத் 'தொலைந்தது' என்று பதியாதீர்கள். மேலே சொன்ன சகோதரிக்கும் யாரோ இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார்கள். அது பொய்த் தகவல். போதாக்குறைக்கு, தொலைந்ததாகப் பதிந்த பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். பிறகு திரும்பக் கிடைத்தாலும் பயன்படாது.

போனில் பணம் பறிபோனால் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் 1930க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் அதை முடக்கத்தான் அந்த எண். நிமிடங்கள்தான் கணக்கு. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ காலில் யூனிஃபார்மோடு வந்து "உங்களைக் கைது செய்திருக்கிறோம்" என்பவன் போலீஸ் இல்லை. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது.

பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த சிறார், 60 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது (179ஆம் பிரிவு). பெண்கள் புகார் கொடுக்க அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. முதலாவது 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. அங்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு 181. குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. மனஸ்தாபங்களை ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பது நம் வழக்கம். ஆனால் அடி விழுந்த வீட்டுப் பெண்ணை, பஞ்சாயத்து முடியட்டும் என்று மாதக்கணக்கில் காக்க வைப்பது சரியல்ல என்பது நம் கருத்து.

அந்தச் சகோதரி மறுபடி மனு எழுதிக் கொடுத்து, இம்முறை சி.எஸ்.ஆர். எண்ணோடு திரும்பினார். ஏஜென்டை அழைத்து விசாரித்தார்கள். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பணம் இன்னும் வரவில்லை. அதற்கு எஃப்.ஐ.ஆர். கேட்டு மேலதிகாரிக்குத் தபால் போயிருக்கிறது.

மனு எழுத உதவி தேவைப்படுவோர் அஸர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். ஆதார் நகல், பணம் கொடுத்ததற்கான வங்கி விவரம் அல்லது போன் செய்திகளின் நகல் கொண்டு வாருங்கள். மனு இரண்டு பிரதி எழுதுவோம். ஒன்று நிலையத்துக்கு, இன்னொன்று உங்கள் கையில்.