கால் பவுணில் ஒரு நிச்சயம்

2025 ஒக்டோபர் நடுவில் இலங்கையில் 24 கரட் தங்கம் பவுணுக்கு 4 இலட்சம் ரூபாயைத் தாண்டியது. தையில் கல்யாணம் வைத்திருந்த வீடுகளுக்கு அது பெரிய அடி. பதறிப்போய் அன்றே வாங்கியவர்களுக்கு அடுத்த அடியும் விழுந்தது: அந்த மாதம் முடிவதற்குள் விலை பல பத்தாயிரம் ரூபாய் இறங்கிவிட்டது.

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கணக்கை ரூபாயில் சொன்னால் பாதிதான் விளங்கும். அங்கே உழைப்பைப் பேரால் எண்ணுவார்கள். நாள் வேலை முழுதாகப் பதிவானால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். 2024 செப்டம்பரில் நாள் சம்பளம் 1350 ரூபாய் என்று முடிவானது. பவுண் என்பது 8 கிராம். நிச்சயத்துக்கு வாங்கும் மெல்லிய மோதிரம் கால் பவுண், அதாவது 2 கிராம். 24 கரட் பவுண் 4 இலட்சம் விற்ற நாளில் 2 கிராம் 22 கரட் பொன்னின் விலை மட்டும் ஏறக்குறைய 91,600 ரூபாய். செய்கூலியைச் சேர்க்காமலே 68 பேர். மாதம் 20 பேர் விழும் ஒருவருக்கு இது மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு, அதுவும் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடிப்பதற்கு முன். 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1000 ரூபாயானபோது பவுண் விலை இதைவிட மிகக் குறைவாக நின்றது. அப்போது இதே மோதிரத்துக்கு 30 பேருக்கும் குறைவாகவே போதும். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழிந்த 1750 ரூபாயை வைத்துப் பார்த்தாலும் 52 பேருக்குக் குறையாது.

சம்பளம் ஏறவில்லை என்று சொல்ல முடியாது. பொன் அதைவிட வேகமாக ஏறியது. தங்கத்தின் உலக விலை டொலரில் நிர்ணயமாகிறது. கணக்கு அவுன்சில், ஓர் அவுன்ஸ் என்றால் 31.1 கிராம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது, 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. உலக விலை அசையாமல் நின்றிருந்தாலும் பதுளைக் கடையில் விலை ஏறித்தான் இருக்கும். பிறகு உலக விலையும் ஏறி, 2025 ஒக்டோபரில் முதன்முறையாக அவுன்ஸ் 4000 டொலரைக் கடந்தது. தோட்டத்தில் ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்தை நியூயோர்க் சந்தையும் கொழும்பின் டொலர் விலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

மோதிரத்துக்கு இத்தனை மாதச் சம்பளம் செலவழிக்க வேண்டும் என்ற பேச்சே மேல்நாட்டில் விளம்பரக்காரர்கள் கிளப்பிவிட்டது. வைரம் என்றென்றைக்கும் என்ற டீ பியர்ஸ் நிறுவனத்தின் வாசகத்தை 1947இல் எழுதியவர் பிரான்சிஸ் ஜெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர். இரண்டு மாதச் சம்பளம் என்ற அளவுகோல் பின்னால் வந்தது. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் வைரமே இல்லாத கால் பவுணுக்கு அந்த அளவுகோல் ஏற்கெனவே முறிந்துவிட்டது.

தோட்டத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது பழைய வழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றிக்கொள்வது தேவாலயத்திலிருந்தும் டவுனிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்து சேர்ந்தது. பரிசம் போடும்போது வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், சேலை வைத்துத் தட்டு மாற்றுவதுதான் உறுதி. நூறு ஆண்டுகளுக்கு முன் கொழும்பின் பிளேட் நிறுவனம் போன்றவை அச்சிட்ட தபால் அட்டைகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் காதையும் மூக்கையும் கழுத்தையும் பார்த்தால் சேமிப்பு எங்கே இருந்தது என்று தெரியும். வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில் நகையை உடம்பில் சுமந்தார்கள். இன்று வாங்கும் மோதிரத்திலும் அந்தப் புத்தி பாதி இருக்கிறது: விரலில் அழகு, அவசரத்தில் அடகு.

மோதிரத்தை அடையாளமாக நீட்டும் கதை இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. சீதையைச் சிறைவைத்ததாக ஐதிகம் சொல்லும் இராவணன் குகை எல்லவில்தான் இருக்கிறது. அனுமன் கொண்டுவந்த கணையாழியைச் சீதை நம்பினாள். இலங்கைச் சட்டம் அவ்வளவு எளிதில் நம்பாது. கல்யாண வாக்கை மீறியதற்கு நட்டஈடு கேட்க வேண்டுமானால் அந்த வாக்கு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பொது விவாகக் கட்டளைச் சட்டம். ஊர் முன்னால் மோதிரம் மாற்றியது மட்டும் போதாது.

இனி கடைக்குள் போகலாம். மோதிரத்தின் விலையில் மூன்று பங்கு உண்டு: பொன், செய்கூலியும் சேதாரமும், கல். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாத கடையில் வாங்கக் கூடாது. பேரம் பேசத் தெரியாதவரும் இதைக் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

பொன்னில் முதலில் கரட். 24 கரட் என்றால் ஏறக்குறையச் சுத்தத் தங்கம். அது மெழுகுபோல் வளையும், மோதிரத்துக்கு ஆகாது. 22 கரட்டில் 91.6 வீதம் தங்கம். மீதி செம்பும் வெள்ளியும். 916 என்று மோதிரத்தின் உள்பக்கம் பதித்திருப்பது அதைத்தான். 18 கரட்டில் 75 வீதம். இந்தியாவில் 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் முத்திரை கட்டாயமாகி, பிறகு ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்க எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளமும் வந்தது. திருச்சிக்கோ சென்னைக்கோ போய் நகை எடுக்கும் ஊவாக் குடும்பங்கள் அந்த அடையாளத்தை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கடையில் வாங்கும்போது முத்திரையோடு பில்லும் பேச வேண்டும். கடைப் பெயர், திகதி, கரட், மொத்த நிறை, கல் கழித்த நிறை, அன்றைய பவுண் விலை, செய்கூலி, சேதாரம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். துண்டுக் காகிதத்தில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தால் அது பில் அல்ல.

கல் கழித்த நிறை என்பதில்தான் ஏழைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். சின்ன மோதிரத்தின் நடுவில் பளபளவென்று நிற்கும் வெள்ளைக் கல் பெரும்பாலும் அமெரிக்கன் டைமண்ட், அதாவது ஆலையில் செய்த கியூபிக் சிர்கோனியா. அதன் விலை சில நூறு ரூபாய்தான். அதைப் பொன்னோடு சேர்த்து நிறுத்துப் பவுண் விலை போட்டால் வாங்குகிறவருக்கு நஷ்டம். அடிப்பக்கம் மூடிய கட்டில் கல்லுக்குக் கீழே அரக்கும் இருக்கலாம். அதுவும் தராசில் பொன்னாகவே நிறுக்கும். விவரம் தெரிந்த மாமியார்கள் கடையில் முதலில் கேட்பதே இதைத்தான்: “மொதலாளி, கல்லக் கழிச்சு நிறுத்துச் சொல்லுங்க, அப்புறமா வெல பேசுவோம்.”

சேதாரம் என்பது நகை செய்யும்போது அரத்திலும் நெருப்பிலும் போகும் பொன்னுக்கான கழிவு. வேலைப்பாடு கூடக் கூட அதுவும் கூடும். பூவும் இலையுமாகச் செதுக்கிய மோதிரத்துக்கும் வெறும் வளையத்துக்கும் ஒரே சேதாரம் கேட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். இந்தச் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராத காசு. விற்கும்போதும் மாற்றும்போதும் பொன்னுக்குத்தான் விலை. கையில் காசு குறைவாக இருக்கிறவர் கல் இல்லாத, வேலைப்பாடு குறைந்த வளையம் வாங்குவதே சரி. அழகு குறைந்துவிட்டது என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கல்தான் வேண்டும் என்பவர் நீலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும். அது இதே மாகாணத்து மண்ணில் கிடைக்கிறது. மொனராகலை மாவட்டத்தில் புத்தளைக்கு அருகே ஒக்கம்பிட்டியவில் குழி வெட்டி, இல்லம் என்ற சரளைப் படையை வாரி, கூடையில் அலசி நீலமும் கார்னட்டும் எடுக்கிறார்கள். 2012 பெப்ரவரியில் கதிர்காமத்துப் பக்கம் வீதி வேலைக்குக் கொட்டிய மண்ணில் நீலக்கற்கள் தென்பட, சனம் திரண்டு கிளறத் தொடங்கியது. மண் வந்த இடமான தம்மன்னாவ நிலத்தைத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை பின்னர் ஏலத்தில் விட்டது. 1981இல் டயானாவும் 2010இல் கேட் மிடில்டனும் அணிந்தது ஒரே மோதிரம். 14 வைரங்கள் சூழ்ந்த 12 கரட் இலங்கை நீலம் அது. (இங்கே கரட் கல்லின் நிறை, 0.2 கிராம், பொன்னின் கரட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.) அப்படிப்பட்ட கல் பதுளைத் தோட்டத்து விரலுக்கு வந்து சேர்வது அபூர்வம். குழியிலிருந்து இரத்தினபுரிக்கும் பேருவளைக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் போய்விடுகிறது.

மலிவாக நீலம் தருகிறேன் என்று பையில் கல்லோடு வருகிறவரிடம் எச்சரிக்கை வேண்டும். ஆலையில் செய்த நீலம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சந்தையில் உண்டு; வெர்னெய்ல் என்ற பிரெஞ்சுக்காரர் நெருப்பில் உருக்கிச் செய்யும் முறையை 1902இல் வெளியிட்டார். அதுவும் உண்மையான நீலத்தின் அதே பொருள்தான். அதே கடினம், அதே பளபளப்பு. உள்ளே வளைந்த கோடுகள் இருப்பதைப் பூதக்கண்ணாடியில் பழகிய கண்தான் பிடிக்கும். சூடேற்றிய கல் வேறு விஷயம். கெவுட என்ற பால் நிறக் கற்களைக் கடும் சூட்டில் வைத்தால் நீலமாகும் என்பதைத் தாய்லாந்து வியாபாரிகள் 1970களில் கண்டுகொண்டு, இங்கே கழித்துப் போட்டதை அள்ளிப் போனார்கள். சூடேற்றியது மோசடி அல்ல. சொல்லாமல் விற்பதுதான் மோசடி. பெரிய தொகை போகிறதென்றால் அதிகாரசபையிடமோ நல்ல இரத்தினக்கல் ஆய்வுகூடத்திடமோ சான்று வாங்கிய பிறகே காசு கொடுக்க வேண்டும்.

கல்லின் கடினமும் பார்க்க வேண்டிய ஒன்று. மோஸ் அளவில் வைரம் 10, நீலமும் சிவப்பும் 9, சந்திரகாந்தக் கல் 6 அல்லது கொஞ்சம் மேலே. காற்றில் பறக்கும் தூசியில் உள்ள குவார்ட்ஸ் துகள் 7. அதனால் சந்திரகாந்தம் மோதிரத்தில் சில ஆண்டுகளில் மங்கும். தோட்டில் வைத்தால் நிற்கும். மாத்தறை வைரம் என்று பெயர் வாங்கிய வெள்ளை சிர்கோன் பளபளப்பில் ஏமாற்றும். ஆனால் விளிம்பு உதிரும்.

கொழுந்து பறிக்கும் கைக்கு இன்னொரு கவலை. நகம் போன்ற கம்பிகளால் உயர்த்திப் பிடித்த கல் செடியிலும் சாக்கிலும் சிக்கும். 22 கரட் மெதுவான பொன் என்பதால் அந்த நகங்கள் வளைந்து கல் விழும். கல்லைச் சுற்றிப் பொன் விளிம்பு வைத்துத் தாழ்வாகப் பதித்த கட்டு தாங்கும். எத்தனையோ பெண்கள் மலைக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள், அதுதான் புத்திசாலித்தனம்.

அளவு எடுப்பதிலும் மலையும் குளிரும் விளையாடும். அப்புத்தளை 1400 மீற்றருக்கு மேலே, பதுளை நகரம் அதன் பாதி உயரத்தில். அப்புத்தளைக் காலைக் குளிரில் விரல் சுருங்கும், பதுளை வெயிலில் ஊதும். நூலைச் சுற்றி அளந்து கொண்டுபோவது சரிவராது. நூல் இழுபடும், மூட்டின் பருமனும் அதில் தெரியாது. பகல் நேரத்தில் கடைக்குப் போய், அளவு வளையங்களைப் போட்டு, மூட்டைச் சற்று உரசிக் கழன்று வருவதை எடுக்க வேண்டும். பெண்ணுக்குத் தெரியாமல் வாங்கத்தான் வேண்டுமென்றால், அவள் போட்டிருக்கும் பழைய மோதிரம் ஒன்றைத் தங்கச்சி மூலம் இரவல் வாங்குவது நூலைவிட மேல்.

காசு வரும் வழி சீட்டு, தீபாவளி முற்பணம், கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி, பழைய நகை. இவற்றில் சீட்டும் பழைய நகையும் நல்ல வழிகள். வாரவட்டிக் கடனில் வாங்கிய மோதிரம் சில மாதங்களில் அடகுக்குப் போகும், அடகுப் பணம் கடனுக்குப் போகும். பழைய தோட்டைக் கொடுத்து மாற்றும்போது உருக்குவதற்கு முன் கண்ணெதிரே உரைகல்லில் உரசி நிறுத்துக் கேட்க வேண்டும். பழைய பொன்னுக்குப் போட்ட விலையையும் புதிய பொன்னுக்குப் போட்ட விலையையும் ஒரே பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். கடைக்காரரின் இலாபம் அந்த இரண்டுக்கும் இடையில்தான் ஒளிந்திருக்கும்.

வங்கி அடகுப் பிரிவிலும் கல்லைக் கழித்துத்தான் கணக்கு. குறித்த காலத்தில் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதால் அடகுச் சீட்டின் திகதியைக் கல்யாண வேலையில் மறக்கக் கூடாது.

கல்யாணத்துக்குப் பிறகு மோதிரம் இறுகினால் வெட்டி, பொன் சேர்த்துப் பற்றவைத்துப் பெரிதாக்கலாம். அப்போது முத்திரை இல்லாத பக்கத்தில் வெட்டச் சொல்ல வேண்டும். சேர்க்கும் பொன்னும் 22 கரட்டாக இருக்க வேண்டும், கூடிய நிறையைக் கடைக்காரர் பழைய பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.