எந்திர யானையும் அலுவலகக் கணினியும்

வத்தவர் கோமான் உதயணன் யானைகள்பால் பெருவிருப்புடையவன் என்பதும், அவ்விருப்பையே வலையாக்கி, உஞ்சை வேந்தன் பிரச்சோதனன் வீரர் உள்ளடங்கிய எந்திர யானை ஒன்றைக் காட்டிடை விடுத்து அவனைச் சிறைப்படுத்தினான் என்பதும் உதயணன் கதை கற்றார் நன்கறிவர். மேலைநாட்டிலும், கிரேக்கர் விட்டுச்சென்ற மரக்குதிரையை டிராய் நகரத்தார் தம் கையாலேயே மதிலுள் இழுத்துச்சென்று நகரிழந்தனர் என ஒரு பழங்கதை வழங்குகின்றது. இவ்விரண்டிலும் பகைவன் மதிலை இடித்தானல்லன். ஆசையும் அயர்வுமே வாயிலைத் திறந்தன. இக்காலத்து அலுவலகக் கணினிகட்கு இணையவழியே நேரும் கேடும் பெரும்பாலும் இத்தன்மைத்தே. நல்ல மென்பொருள்போல் தோன்றி உட்புகும் தீநிரலுக்கு அறிஞர் அக்குதிரைக்கதை பற்றியே ‘டிரோஜன்’ எனப் பெயரிட்டனர்.

தீநிரலாவது, கணினிக்கோ அதனை உடையார்க்கோ தீங்கு செய்யும் கருத்துடன் இயற்றப்பட்ட நிரல். இவை யாவற்றையும் ‘வைரஸ்’ எனப் பொதுப்படக் கூறுவாரும் உளர். இவற்றுள் சில கடவுச்சொற்களைக் களவாடும். சில மறைந்திருந்து உளவு பார்க்கும். சில கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறத்தற்கு விலை கேட்கும். வீட்டுக் கணினி கெடின் ஒரு குடும்பம் வருந்தும். அலுவலகக் கணினியோ பிறவற்றோடு பிணிக்கப்பட்டிருத்தலின், ஒரு கூரையிற் பற்றிய தீ தெருவெல்லாம் பரவுதல் போலாம்.

இனி, வலைத்தளங்களைப் பார்வையிடுங்கால் இது புகும் வாயில்களை நோக்குவாம்.

முதலாவது, பொய்யான புதுப்பிப்பு. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ரஷ்யாவிலும் உக்ரேனிலும் ‘பேட் ராபிட்’ என்னும் தீநிரல் பரவிற்று. தீயோர் முன்னரே கைப்பற்றியிருந்த செய்தித்தளங்களைப் படிக்கச் சென்றார்க்கு, ‘உமது பிளாஷ் பிளேயரைப் புதுப்பித்துக்கொள்க’ என ஓர் அறிவிப்புத் தோன்றிற்று. நம்பி நிறுவினார் கோப்புகள் பூட்டுண்டன. இன்டர்பேக்ஸ் செய்தி நிறுவனமும் ஒடெசா விமான நிலையமும் இதனால் இடருற்றன. உட்புகுந்த அந்நிரல், எளிய கடவுச்சொற்களின் பட்டியல் ஒன்றையும் உடன்கொண்டு சென்று, அடுத்த கணினிகளின் கதவுகளையும் தட்டிற்று. பிளாஷ் மென்பொருட்கு அளிக்கப்பட்டுவந்த ஆதரவு 2020ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுவிட்டது. அச்சூழ்ச்சியோ பிற பெயர்களால் இன்றும் வாழ்கின்றது.

இரண்டாவது, விளம்பரம். தளம் நன்மதிப்புடையதாயினும் அதன்கண் வரும் விளம்பரம் பிறர் கையது. 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்திலேயே, ‘உம் கணினி நோயுற்றது’ என அச்சுறுத்திப் போலி மருந்தை விற்கும் விளம்பரம் புகுந்தது. நல்லார் மனையிலும் அயலான் ஒட்டிய சுவரொட்டி இருக்கலாமன்றோ?

மூன்றாவது, பொய்ச்சோதனை. ‘நீர் மனிதர்தாம் என மெய்ப்பிக்க இவ்விசைகளை அழுத்தி, இதனை ஒட்டி, எண்டர் தட்டுக’ எனப் பணிக்கும் பக்கங்கள் 2024ஆம் ஆண்டு முதல் மிகுந்து வருகின்றன. அவ்வாறு செய்வார், தீயோன் கட்டளையைத் தம் கையாலேயே கணினிக்கு இடுகின்றனர். மெய்யான சோதனை எதுவும் இங்ஙனம் பணியாது என்க.

நான்காவது, நாம் ஒன்றையும் தொடாதபோதும் நேர்வது. உலாவியில் அறியப்பட்ட ஓட்டை அடைக்கப்படாதிருப்பின், தீய பக்கத்தைத் திறந்த மாத்திரத்தே நிரல் புகுதல் கூடும்.

நிற்க, காப்பு யாது? உலாவியையும் இயங்குதளத்தையும் தாமே புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைத்தல் முதற்கடன். உலாவியை மூடித் திறந்தாலன்றிப் புதுப்பிப்பு முற்றுப்பெறாதாகலின், நாட்கணக்கில் அதனை மூடாது வைத்தல் தவறு. நாட்பணிக்கு நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தாது, எளிய பயனர் கணக்கையே பயன்படுத்துக. நமக்குள்ள அதிகாரம் எத்துணையோ அத்துணையே நம் பெயரால் இயங்கும் நிரலுக்கும் உண்டு. திருட்டு மென்பொருளை நாடற்க. முகவரிக்கருகே தோன்றும் பூட்டுக்குறி, செல்லும் வழி மறைவுடையது என்பதைக் காட்டுமேயன்றித் தளத்தினன் நல்லன் எனச் சான்று கூறாது. எல்லாவற்றினும் மேலாக, கோப்புகளுக்குப் படியெடுத்து, அதனைக் கணினியினின்று கழற்றித் தனியே வைத்தல் வேண்டும். இணைத்தே வைத்த படியும் உடன் பூட்டுண்ணுமாதலின்.

எம் தாய்மாமன் எழுத்தராயிருந்த ஒரு சிற்றலுவலகத்தில் நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதும். பழைய எழுத்துருவிலிருந்த கடிதங்களை யூனிகோடாக மாற்றுதற்கு அவர் ஒருநாள் முற்பகல் காசில்லா மென்பொருள் ஒன்றை இணையத்தினின்று இறக்கி நிறுவினார். சிறிது நேரத்தில் சில கோப்புகள் திறக்க மறுத்தன. அவற்றின் பெயர்களும் மாறியிருந்தன. பிழை தம்முடையதென உணர்ந்தும், மேலாளர் கடிவார் என்னும் அச்சத்தால் மாலைவரை வாய் திறந்திலர். அதற்குள் அனைவர்க்கும் பொதுவான கோப்பறையும் பூட்டுண்டது. ஈராண்டுக்கு முன் படியெடுத்து அலமாரியில் வைத்த வட்டு ஒன்றே எஞ்சிற்று. இடைப்பட்ட கணக்கையெல்லாம் பற்றுச்சீட்டுகளைக் கொண்டு பல இரவுகள் விழித்திருந்து மீண்டும் பதிந்தனர். “தவறியது ஒரு நொடி, மறைத்ததோ ஆறு மணி நேரம், கெடுத்தது பின்னதே” என்று அவர் எம்மிடம் கூறியதுண்டு.

ஆகலின், ஐயம் தோன்றியவுடன் இணையக் கம்பியைக் கழற்றி, வைபையை நிறுத்தி, உரியார்க்கு அப்பொழுதே உரைத்தல் வேண்டும். உரைத்தானைக் கடியாமை மேலாளர் கடன். கடியப்படுவோம் என்னும் அச்சம் நிலவும் அலுவலகத்தில் தீநிரலுக்கு ஒரு நாள் முழுதும் ஓய்வின்றி உழைக்க இடங்கிடைக்கும்.

அன்பர்காள்! நாளை நம்மிற் பலர் அலுவலகங்களிற் பணியாற்றப் புகுவோம். சிலர் அவற்றை ஆள்வோம். எந்திர யானை அங்கும் வரும். அதனைக் கண்டு ஒரு கணம் தயங்கி ஆராய்தலும், ஏமாந்துழி உடனே கூவி அழைத்தலும், கூவினானைக் காத்தலும் ஆகிய இம்மூன்றும் எத்துணை விலைமிக்க மென்பொருளும் நமக்காகச் செய்து தாராதவை.