நீரும் இரும்பும் – 17: சேற்றில் ஓடும் இன்ஜின்

ஆழமான நீரில் ஓடும் படகுக்கு இன்ஜினைக் குளிர்விப்பது பெரிய வேலையே இல்லை. சுற்றிலும் தண்ணீர்தான். சென்ற வாரம் பார்த்த அவுட்போர்டு மோட்டார், தன் காலில் இருக்கும் சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஒரு சின்ன ரப்பர் பம்ப் அதை மேலே தள்ளுகிறது. சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூடான தண்ணீர் புகையோடு கலந்து, பெரும்பாலான மாடல்களில் புரொப்பல்லரின் நடுப்பகுதி வழியாகவே வெளியேறிவிடுகிறது. சூட்டைத் தணிக்கச் செய்த ஏற்பாடு சத்தத்தையும் தானாகவே குறைத்துவிட்டது. சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர்ச் சுவர் உள்ளே நடக்கும் தடதடப்பை அமுக்குகிறது. புகை தண்ணீருக்கு அடியில் வெளியேறுவதால் அதன் வெடிச்சத்தமும் அங்கேயே அடங்கிப்போகிறது.

ஆனால் உறிஞ்சுகிற தண்ணீர் தண்ணீராக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். முழங்காலளவு நீரும் அதன்கீழ் அரையடிச் சகதியும் உள்ள இடத்தில் அந்தச் சல்லடை பாசியையும் மணலையும் பிளாஸ்டிக் பையையும் சேர்த்தே இழுக்கும். ரப்பர் பம்பின் இதழ்களை மணல் அரித்துவிடும். சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகிய வழிகளில் வண்டல் படியும். அதனால்தான் உலகத்தின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளில் எல்லாம் ஆட்கள் காற்றால் குளிரும் இன்ஜினிடம் போனார்கள். அதை ஒரு நீளமான தண்டின் தலையில் பொருத்தி, மறுமுனையில் புரொப்பல்லரை மாட்டினால் 'லாங் டெயில்' தயார். தண்டை லேசாகத் தூக்கினால் புரொப்பல்லர் சேற்றைவிட்டு மேலே வந்துவிடும்.

தாய்லாந்தின் கால்வாய்களில் இது பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. மீகாங் கழிமுகத்தில் 1960-களின் தொடக்கத்தில் விவசாயிகள் அந்தப் புரொப்பல்லரைச் சுற்றி ஒரு தகரக் குழாயைப் பொருத்தி, படகு இன்ஜினையே வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பாக மாற்றிக்கொண்டார்கள். ராபர்ட் சான்சம் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பற்றித் தனியாக ஆய்வே எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் லூசியானாவில், சைப்ரஸ் மரக்கட்டைகளும் ஆகாயத்தாமரையும் நிறைந்த சதுப்புகளுக்காக, 1977-இல் பேட்டன் ரூஜ் நகரில் வாரன் கோகோ தொடங்கிய 'கோ-டெவில்' நிறுவனம் இதே வடிவத்தை விற்பனைப் பொருளாக்கியது. நம் கரையில் ஃபைபர் படகுகளின் பின்னால் தொங்குகிற லம்பார்டினி டீசல் இன்ஜினும் இதே சாதிதான்.

இவற்றில் பெரும்பாலானவை படகுக்கென்று பிறந்தவை அல்ல. புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பம்புசெட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் செய்த இன்ஜின்கள், படகுக்கு இரவலாக வந்தவை. வயலோரம் தனியாக ஓடும் பம்புசெட் எவ்வளவு கத்தினாலும் ஆள் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். படகில் அது முடியாது. கைப்பிடியைப் பிடித்திருப்பவரின் காது இன்ஜினிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்கிறது, தொழிலாளர் உடல்நலத்துக்கான அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் நியோஷ். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான் கணக்கு. சைலன்சர் தேய்ந்துபோன லாங் டெயில் ஒன்றின் பக்கத்தில் அந்த நூறைத் தொடுவது அபூர்வமில்லை.

சட்டமும் படகோட்டியின் பக்கம் இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் படகுக்கு 88 அல்லது 90 டெசிபெல் என்று வரம்பு இருக்கிறது. அதை அளப்பது படகு நின்ற இடத்தில், இன்ஜின் மெதுவாக ஓடும்போது. இன்னொரு சோதனை கரையில் மைக்கை வைத்து, 75 டெசிபெல் தாண்டுகிறதா என்று பார்க்கிறது. கரையில் வீடு கட்டியிருப்பவரின் தூக்கத்துக்குக் கொடுத்த மரியாதை, படகுக்குள் இருப்பவரின் செவிப்பறைக்குக் கிடைக்கவில்லை.

சரி, சத்தத்தைக் குறைப்பது எப்படி? பெரிய சைலன்சர் மாட்டு என்பார்கள். மாட்டலாம், ஆனால் பலன் ஏமாற்றும். இரண்டு சமமான சத்தங்கள் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபெல்தான். திருப்பிச் சொன்னால், புகைக்குழாயும் இன்ஜினைக் குளிர்விக்கும் விசிறியும் ஆளுக்கு 95 டெசிபெல் கத்துகின்றன என்றால், புகைக்குழாயை அறவே ஊமையாக்கினாலும் மொத்தம் 98-லிருந்து 95-க்குத்தான் இறங்கும். காதுக்குப் பாதியானதுபோல் தோன்ற 10 டெசிபெல்லாவது குறைய வேண்டும்.

காற்றால் குளிரும் இன்ஜினில் விசிறி ஒரு தனி வில்லன். நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் விநாடிக்கு 30 தடவை வெடிக்கிறது. அது அடித்தொண்டைச் சத்தம். இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் 20 இதழ்கள் கொண்ட விசிறி இருந்தால் அது விநாடிக்கு 1,200 தடவை காற்றை வெட்டும். நம் காது கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது அந்தக் கீச்சொலி. போதாததற்கு, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் மெல்லிய அலுமினிய ஃபின்கள் ஒவ்வொன்றும் அதிர்ந்து ஒலிக்கும். பழைய மோட்டார்சைக்கிள்களின் ஃபின்களுக்கு நடுவே சின்ன ரப்பர்த் துண்டுகள் செருகியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவை அந்த ஒலியை அடக்கத்தான்.

அடுத்து யாருக்கும் தோன்றுவது, இன்ஜினைப் பெட்டிக்குள் வைத்து மூடுவது. சூடு நம்மைப் பிடிப்பது இங்கேதான். 10 குதிரைசக்தி இன்ஜின், அதாவது ஏழரை கிலோவாட், தண்டுக்குக் கொடுக்கும் அளவுக்கு ஏறக்குறைய அதே அளவு சூட்டைத் தன் உடம்பு வழியாகவும் வெளியேற்றியாக வேண்டும். புகையோடு போகும் சூடு தனிக்கணக்கு. காற்றை 40 டிகிரி சூடேறவிட்டு அந்த ஏழரை கிலோவாட்டை வெளியே அனுப்ப, விநாடிக்குச் சுமார் 160 லிட்டர் காற்று வேண்டும். தண்ணீராக இருந்தால், 10 டிகிரி மட்டுமே சூடேறவிட்டாலும், விநாடிக்கு ஒரு டம்ளர் போதும். 160 லிட்டர் உள்ளே வரவும் வெளியே போகவும் பெரிய ஓட்டைகள் வேண்டும். காற்று போகும் ஓட்டை வழியாகச் சத்தமும் போகும். பெட்டியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் சத்தத்தைத் தடுக்க முடியாது.

ஆக, சத்தத்தை அடைத்தால் சூடு ஏறுகிறது. சூட்டை விரட்டினால் சத்தம் ஏறுகிறது. இரண்டையும் தனித்தனி ஆட்களிடம் கொடுத்து வடிவமைக்கச் சொன்ன இன்ஜின்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சைலன்சர் சுருங்கியிருக்கும், விசிறி அலறும்.

நான் கவனித்தவரை, இதில் நல்ல பலன் தருவது விசிறியின் வேகத்தில் கை வைப்பதுதான். விசிறியின் சத்தம் அதன் சுழற்சி வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபெல் குறைகிறது. காற்றும் பாதியாகும், உண்மைதான். அதை ஈடுகட்ட விசிறியின் விட்டத்தைக் கால் பங்குக்குச் சற்று மேல் பெரிதாக்க வேண்டும். பெரிய விசிறி என்பதால் சத்தம் 7 டெசிபெல் திரும்ப ஏறும். கழித்துப் பார்த்தால் அதே காற்றுக்கு 8 டெசிபெல் லாபம். இதற்கும் ஒரு விலை உண்டு. அந்தப் பெரிய விசிறி காற்றைத் தள்ளும் அழுத்தம் பழையதில் 40 சதவீதம்தான். நெருக்கமான ஃபின்களுக்குள் அது நுழையத் திணறும். ஃபின்களின் இடைவெளியை அகலமாக்கி, காற்று போகும் பாதையை நேராக்கினால்தான் கணக்கு நிற்கும். அப்போது விசிறியை ஃப்ளைவீலிலிருந்து பிரித்து பெல்ட்டிலோ தனி மின்மோட்டாரிலோ ஓட்ட வேண்டியிருக்கும். இரவல் இன்ஜினில் இதைச் செய்ய முடியாது. அச்சுவார்க்கும்போதே யோசித்திருக்க வேண்டிய காரியம்.

பெட்டிக்குக் காற்று வரும் வழியை ஒரு முறை வளைத்து, உட்புறம் தீப்பிடிக்காத பஞ்சை ஒட்டினால் கீச்சொலியில் பெரும்பகுதி அங்கேயே செத்துவிடும். காற்று மூலையில் திரும்பிவிடும். உச்சஸ்தாயிச் சத்தத்துக்கு அது அவ்வளவு எளிதில்லை. உள்ளே வரும் வாயும் வெளியேறும் வாயும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மெதுவாக ஊரும் படகில் இன்ஜின் தான் விட்ட சூடான காற்றையே திரும்பக் குடிக்கும்.

கார் உலகம் இந்தச் சண்டையை எப்போதோ கைவிட்டுவிட்டது. காற்றால் குளிரும் இன்ஜினையே தன் அடையாளமாக வைத்திருந்த போர்ஷே 911 கூட 1997-98-இல் தண்ணீருக்கு மாறியது. புகை விதிகளும் சத்த விதிகளும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆழமற்ற நீரில் ஓடும் படகும் மாறலாம், வெளித் தண்ணீரைத் தொடாமலே. சிலிண்டரைச் சுற்றி ஓடும் நல்ல நீரை ஒரு குழாயில் படகின் அடிப்பகுதிக்கு அனுப்பி, வெளியே இருக்கும் சேற்றுநீரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவது. பெரிய படகுகளில் 'கீல் கூலர்' என்று இது பழைய சங்கதி. லூசியானாவின் தட்டையான அலுமினியப் படகுகளில் அடித்தகடே ரேடியேட்டர் ஆகிவிட முடியும். மரக்கட்டையில் இடித்துக் குழாய் பிளக்கலாம் என்பதும், படகு சேற்றில் தரைதட்டி நிற்கும்போது சூடு இறங்க மறுக்கும் என்பதும் கவலைகள். ஃபைபர் படகுக்கு இந்த வசதி கிடையாது. ஃபைபர் சூட்டைக் கடத்தாது, குழாயை வெளியே தனியாகத்தான் பொருத்த வேண்டும்.

நம் கரையில் 1980-களில் வேறொரு திசையில் ஒரு முயற்சி நடந்தது. உலக உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையிலிருந்து இயங்கிய நாட்களில், நார்வேக்காரரான குல்பிரான்ட்சென் முதலியோர் அலையில் கரையேறும் படகுகளை வடிவமைத்தார்கள். அதற்காக வந்ததுதான் 'பாப் டிரைவ்'. டீசல் இன்ஜின், தண்டு, புரொப்பல்லர் எல்லாம் ஒரே அலகாகச் சாய்ந்து எழும். இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும். சத்தத்தை மறைக்க நினைக்கிற எவருக்கும் லாங் டெயிலைவிட இது நல்ல தொடக்கம். ஆனால் கடற்கரையில் நிலைத்தது லாங் டெயில்தான். விலை குறைவு, கழற்றித் தோளில் தூக்கிப்போய் வீட்டில் பூட்டலாம், எந்த மெக்கானிக்கும் பிரித்துவிடுவார்.

தண்ணீருக்கு அடியிலும் கேட்கிற காதுகள் உண்டு. ஏறக்குறையப் பார்வையே இல்லாத கங்கை டால்பின் ஒலியைக் கொண்டுதான் வழியும் இரையும் தேடுகிறது. படகுச் சத்தமும் ஆழக்குறைவும் சேரும்போது அதன் உடலுக்கு நெருக்கடி கூடுகிறது என்று 2019-இல் மயூக் டேயும் சக ஆய்வாளர்களும் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். லாங் டெயிலின் புரொப்பல்லர் இன்ஜினின் வேகத்திலேயே நேரடியாகச் சுழல்கிறது. நடுவே பெல்ட்டோ கியரோ வைத்து வேகத்தைக் குறைத்து, பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றினால் நீருக்கடியிலும் சத்தம் இறங்கும். விசிறிக்குச் சொன்ன அதே பாடம்.

மின்மோட்டார் வந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 முதல் ஓடும் சூரியசக்திப் படகு 'ஆதித்யா' 75 பேரை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போகிறது. குறுகிய, நிரந்தரமான வழித்தடம், நிதானமான வேகம். கடலுக்குப் போகிற ஃபைபர் படகுக்குக் கணக்கு வேறு. 10 குதிரைசக்தியை ஒரு மணி நேரம் கொடுக்க டீசல் இரண்டு லிட்டர் சொச்சம் போதும், லித்தியம் பேட்டரி என்றால் 50 கிலோ. நான்கு மணி நேரத்துக்கு 200 கிலோ. நீரில் ஆறு சதுரமீட்டர் பரப்பை மூடும் சின்னப் படகு அந்த எடைக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். இன்ஜினும் டீசலும் இறங்கிவிட்டதால் அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். மிச்சத்தை எங்கே வைப்பது, படகின் அடியை எவ்வளவு அகலமாக்குவது என்ற கேள்வியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)