‘நம்மால முடியுமா?’ - தயக்கத்தைத் தயாரிப்பாக மாற்றும் வழி!

“எனக்கு இங்கிலீஷ் வராது”, “வாயைத் திறந்தா சிரிப்பாங்க”, “அவங்க அளவுக்கு நமக்கு விவரம் போதாது...” விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ரயிலேறி சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் போகும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்குள் கேட்கும் குரல் இது.

இப்படித் தோன்றுவது நோயல்ல. தாழ்வுணர்ச்சி எல்லா மனிதர்களுக்கும் பொதுவானது, அதுவே முன்னேறவும் தூண்டும் என்றார் ஆஸ்திரிய உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லர். அந்தத் தயக்கத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரயில்வே பள்ளி மாணவர்

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப.வீரமுத்துவேலின் சொந்த ஊர் விழுப்புரம். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். ஊரிலிருந்த ரயில்வே பள்ளியில் படித்தார். அடுத்து என்ன படிப்பது என்று வழிகாட்ட வீட்டில் படித்தவர்கள் இல்லை. நண்பர்கள் டிப்ளமோ சேர, இவரும் மெக்கானிக்கல் டிப்ளமோவில் சேர்ந்தார்.

அங்கே வாங்கிய நல்ல மதிப்பெண், சென்னையில் இன்ஜினீயரிங் படிக்க இடம் வாங்கித் தந்தது. அது திருச்சி ஆர்.இ.சி-க்கு (இன்றைய என்.ஐ.டி) வழிவிட்டது. பிறகு இஸ்ரோ, ஐ.ஐ.டி மெட்ராஸில் முனைவர் பட்டம். ‘நிலவுக்கு அனுப்புவேன்’ என்று கிளம்பிய பயணமல்ல. ஒரு படி ஏறியதும் அடுத்த படி தெரிந்த பயணம்.

இதைத்தான் 1977-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் விளக்கினார். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்துக்குப் பெரிய ஊற்று, நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பதும், நம்பும்படியான ஊக்கச் சொற்களும் அதற்குத் துணை.

‘எது எதெல்லாம் தப்பாகும்?’

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதியது. இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக விசை தந்ததில், சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அதன் பிறகுதான் சந்திரயான்-3 பொறுப்பு வீரமுத்துவேலுக்கு வந்தது.

‘இந்த முறையும் தவறினால்?’ என்ற கேள்வியை அந்தக் குழு ஒதுக்கவில்லை. அதிலிருந்தே வேலையைத் தொடங்கியது. எதெல்லாம் கெட்டுப்போகலாம், கெட்டால் எப்படிக் காப்பது என்று யோசித்தே லேண்டரை வடிவமைத்ததாக, அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் விளக்கினார். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். தரையிறங்கும் இடத்தை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கி.மீ-க்கு 2.5 கி.மீ என விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு லேண்டர் பத்திரமாக இறங்கியது.

நாம் என்ன செய்யலாம்?

* ‘பயமா இருக்கு’ என்று நிறுத்தாதீர்கள். எதற்குப் பயம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘இன்டர்வியூவில் தடுமாறினால்?’ என்பது ஒரு வரி. எதிரே, ‘தினமும் 10 நிமிடம் சத்தமாகப் பேசிப் பழகணும்’ என்று எழுதுங்கள்.

* தரையிறங்கும் இடத்தை நீங்களும் விரித்துக்கொள்ளுங்கள். ஒரே தேர்வு, ஒரே கம்பெனி என்று நில்லாமல், இரண்டாவது வழியும் இருந்தால் பதற்றம் பாதியாகும்.

* பக்கத்துவீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்பிருந்த உங்களோடு ஒப்பிடுங்கள்.

* பெற்றோர்களே, “உன்னால முடியும்” என்பதோடு நிறுத்தாதீர்கள். “போன மாசம் பேங்க்குக்குத் தனியா போய் வேலையை முடிச்சியே” என்று நடந்ததை எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை நம்புவது அதைத்தான்.

தயக்கம் வாரக்கணக்கில் நீண்டு தூக்கம், சாப்பாடு, படிப்பைக் கெடுத்தால், அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.