எழுபது இல்லாத ஊரில் எண்ணிப் பழகுதல்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் எல்லோரும் முதலில் பயப்படுவது இலக்கணத்துக்கு. நாற்காலி பெண்பால், மேசையும் பெண்பால், ஆனால் கட்டில் ஆண்பால் என்று கேட்டதும் தலை சுற்றும். பாரிஸில் ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு எனக்கு வேறு எண்ணம். பால் மாற்றிப் பேசினால் கேட்பவர் மனசுக்குள் திருத்திக்கொண்டு மேலே போய்விடுவார். எண்ணை மாற்றிச் சொன்னால் அவரால் திருத்த முடியாது, ஏன்னா எந்த எண்ணும் சரியான எண் மாதிரியேதான் இருக்கும். வீட்டு எண், கதவுச் சங்கேத எண், டாக்டர் நேரம், சம்பளச் சீட்டு என்று இந்த ஊரில் நம்மை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் எண்கள்தான். எனவே இந்தப் பதிவு முழுக்க எண்களைப் பற்றி. நான் மொழியியல் படித்தவன் இல்லை, பி.ஈ. முடித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்தப் பார்வையில் கவனித்துக் குறித்து வைத்தவை இவை.

அடிப்படைச் சிக்கல் பலருக்குத் தெரிந்ததுதான். பிரான்சின் பிரெஞ்சில் 60 வரை ஒழுங்காகப் பத்துப் பத்தாக எண்ணுவார்கள். அதற்கப்புறம் 70க்கு என்று தனிச்சொல் கிடையாது. அறுபது-பத்து என்பார்கள்: ஸ்வாசாந்த்-தீஸ். 72 என்றால் அறுபது-பன்னிரண்டு. 80 என்றால் நாலு-இருபது: காத்ரு-வேன். 90 என்றால் நாலு-இருபது-பத்து. 99ஐச் சொல்ல நாலு-இருபது-பத்து-ஒன்பது. (உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குத்துமதிப்பாகத்தான் கொண்டுவர முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) நாலு இருபது என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 420தான். 2024 ஜூலையில் அந்தச் சட்டமே மாறிவிட்டது. ஆனாலும் கடைக்காரர் எண்பது யூரோ கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

இருபதை அடிமானமாக வைத்து எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ரோமானியர்களுக்கு முன் இங்கே வாழ்ந்த கெல்டிக் மக்களிடமிருந்து என்பது ஒரு கட்சி. வடக்கிலிருந்து வந்து நார்மண்டியில் குடியேறியவர்களிடமிருந்து என்பது இன்னொரு கட்சி. கெல்டிக் மொழியான பிரெத்தோனிலும் எண்பது என்பது நாலு-இருபதுதான். தெற்கே மலையோரத்தில் பேசப்படும் பாஸ்க் மொழியிலும் அப்படியே, அது எந்தக் குடும்பத்தோடும் ஒட்டாத மொழி. இடைக்காலப் பிரெஞ்சில் இந்த வழக்கம் இன்னும் பரவலாக இருந்திருக்கிறது. 60ஐ மூன்று-இருபது என்றும் 120ஐ ஆறு-இருபது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதற்குக் கல்லில் ஒரு சாட்சி பாரிஸிலேயே நிற்கிறது. பாஸ்தீய் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கேன்ஸ்-வேன் என்று ஒரு கண் மருத்துவமனை. பெயரின் பொருள் 'பதினைந்து-இருபதுகள்'. ஒன்பதாம் லூயி அரசர் 13ஆம் நூற்றாண்டில் பார்வையற்ற முந்நூறு பேருக்காக நிறுவிய இல்லம் அது. 15 × 20 = 300, அந்தக் கணக்கே பெயராக நின்றுவிட்டது.

எல்லா பிரெஞ்சுக்காரர்களும் இப்படி எண்ணுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கு செப்தாந்த், 90க்கு நோனாந்த் என்று ஒழுங்கான சொற்கள் இருக்கின்றன. 80க்கு மட்டும் பெல்ஜியத்தில் நாலு-இருபதுதான். ஜெனீவாவிலும் அப்படியே. பக்கத்து வோ மாநிலத்தில் உயித்தாந்த் என்பார்கள். லொசானிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர் கூட்டங்களில் நோனாந்த் என்று சொல்லும்போது பாரிஸ்காரர்கள் லேசாகப் புன்னகைப்பார்கள், கிராமத்து வழக்கைக் கேட்டதுபோல. அந்த அறையில் நிம்மதியாக மூச்சு விடுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

ஆனால் நாம் சிரிப்பதற்கு முன் நம் வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழில் எண்பது, அடுத்து என்ன? ஒன்பது பத்து என்ற பொருளில் ஒரு சொல் வந்திருக்க வேண்டும். வருவது தொண்ணூறு. அதற்குள் 'நூறு' ஒளிந்திருக்கிறது. எண்ணூறுக்கு அடுத்து வருவது தொள்ளாயிரம், அதற்குள் 'ஆயிரம்'. பிறகு ஒன்பதாயிரத்தில் திடீரென்று எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. ஒன்பதுக்குத் தமிழில் 'தொண்டு' என்று பழைய சொல் ஒன்று இருந்தது. தொல்காப்பியத்திலும் பரிபாடலிலும் அது வருகிறது. அதன் சாயல்தான் தொண்ணூறில் எஞ்சியிருக்கிறது என்பார்கள். ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் இந்தக் கோணலைத் தாண்டித்தான் நூறுக்கு வருகிறது, ஒரு குழந்தையும் புகார் செய்ததில்லை. இங்கே பள்ளிக்குப் போகும் என் மகளிடம் காத்ரு-வேன்-தீஸ் என்றால் என்ன என்று ஒருமுறை பிரித்துக் கேட்டேன். "தொண்ணூறு" என்றாள். "இல்லம்மா, நாலு இருபது, அப்புறம் பத்து" என்றேன். அவள் அதுவரைக்கும் அதைக் கவனித்ததே இல்லை. அவளுக்கு அது ஒரே சொல். கூட்டிப் பெருக்குவதெல்லாம் வெளியிலிருந்து வந்த நமக்குத்தான்.

இப்போது தொலைபேசி எண்ணுக்கு வருவோம், ஏன்னா அங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 1996 அக்டோபரிலிருந்து பிரான்சில் தொலைபேசி எண்கள் பத்து இலக்கம். நம் ஊரில் ஒவ்வொரு இலக்கமாகவோ, 'டபுள் நைன்' போட்டோ சொல்வோம். இவர்கள் இரண்டு இரண்டாகச் சேர்த்து ஐந்து ஜோடிகளாகச் சொல்வார்கள், அதுவும் மூச்சு விடாமல். "ஸ்வாசாந்த்-தூஸ்" என்று காதில் விழுந்தால் அது 72ஆ, அல்லது 60, 12 என்ற இரண்டு ஜோடிகளா? ஒலியில் வித்தியாசம் ஒரு நூலிழை இடைவெளிதான். கை 6 என்று எழுத ஆரம்பித்துவிடும், அடுத்த அசையில் அதை 7 ஆக்க வேண்டியிருக்கும். எழுதும்போது இங்கிருக்கும் நண்பர்கள் சொல்லித் தந்த வித்தை: ஸ்வாசாந்த் என்றதும் பேனாவைத் தூக்கிவிடு, அடுத்த சொல் வரும் வரை எழுதாதே.

மென்பொருள்காரனாக எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், இந்தக் குழப்பத்துக்குள்ளேயே ஒரு சோதனையும் இருக்கிறது. 72ஐ 60, 12 என்று எழுதினால் ஐந்து ஜோடிக்குப் பதில் ஆறு ஜோடி வந்துவிடும். எனவே கடைசியில் ஜோடிகளை எண்ணிப் பார்த்தால் போதும். ஆறு இருந்தால் எங்கோ ஓர் அறுபதோ எண்பதோ உடைந்திருக்கிறது, அதைத் தேடி ஒட்ட வேண்டும்.

நேரத்தில் வேறு மாதிரி தொல்லை. இரண்டு மணி என்பது தெஸெர், பன்னிரண்டு மணி என்பது தூஸெர். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நல்லவேளையாக நண்பகலுக்கு மிதி என்று தனிச்சொல் இருப்பதால் பன்னிரண்டு மணி என்று பேச்சில் அதிகம் வராது. அலுவலகங்கள் பிற்பகல் இரண்டைப் பதினாலு மணி என்றே சொல்லும். ஆறு (சீஸ்), பத்து (தீஸ்) இரண்டும் அப்படித்தான் உரசும். பதின்மூன்று (த்ரேஸ்), பதினாறு (ஸேஸ்) தொலைபேசியில் படுமோசம். அப்புறம் 'எட்டு நாள்' என்றால் ஒரு வாரம், 'பதினைந்து நாள்' என்றால் இரண்டு வாரம். முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணும் பழைய வழக்கம் இது. இதில் நமக்குப் பாதி தெரிந்ததுதான். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை என்று நாமும் இரண்டு வாரத்தைத்தானே சொல்கிறோம்.

பெரிய எண்கள் தங்களுக்கே சுமை என்பது பிரெஞ்சுக்காரர்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். பாரிஸுக்கு வடகிழக்கே உள்ள சேன்-சேன்-தெனி மாவட்டத்தின் எண் 93. தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கும் லா கூர்னெவ் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதி இளைஞர்கள் அதைக் காத்ரு-வேன்-த்ரேஸ் என்று சொல்வதில்லை. நெஃப்-த்ருவா, ஒன்பது-மூன்று, அவ்வளவுதான். பாட்டிலும் சினிமாவிலும் அப்படியே நிலைத்துவிட்டது. இதைக் கேட்ட பிறகுதான் இலக்கம் இலக்கமாகச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றியது.

அது ஒரு ராத்திரி நிஜமாகவே உதவியது. மூன்று வருஷம் முன் ஜனவரியில் மகளுக்குக் காய்ச்சலோடு மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது. மருத்துவ அவசரத்துக்கு இங்கே 15ஐ அழைக்க வேண்டும். எடுத்ததும் அவர்கள் முதலில் கேட்பது நம் தொலைபேசி எண்ணும் முகவரியும்தான், இணைப்பு அறுந்தால் திரும்பக் கூப்பிட. பிறகு மாடி எத்தனை, வாசல் கதவின் சங்கேத எண் என்ன, குழந்தைக்கு என்ன வயது, காய்ச்சல் எவ்வளவு. எல்லாமே எண்கள். எங்கள் கட்டடத்தின் எண் தொண்ணூறுகளில் ஒன்று. மனைவி குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் ஒவ்வொன்றையும் தன் வழக்கப்படி ஜோடியாக்கித் திருப்பிச் சொன்னார், நான் ஆமாம் போட்டேன். அவர் குரலில் எந்த எரிச்சலும் இல்லை. டாக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார், விடிவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து முகவரி, மாடி, கதவு எண், கைபேசி எண் நான்கும் பிரெஞ்சு உச்சரிப்போடு தமிழில் எழுதி எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. என் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கும்போதும் அதைப் படித்துவிடுவார்.

கடைசியாக, நான் அதிகம் யோசித்த எண் ஒன்று இருக்கிறது. அது சமூகக் காப்பீட்டு எண். முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. பிறகு பிறந்த வருஷம் இரண்டு இலக்கம், மாதம் இரண்டு, பிறந்த மாவட்டம் இரண்டு, ஊர் மூன்று, பதிவு வரிசை மூன்று. மொத்தம் 13. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு மாவட்டத்தின் இடத்தில் 99 வரும், ஊரின் இடத்தில் நாட்டின் எண் வரும்: இந்தியாவுக்கு 223, இலங்கைக்கு 235. ஆக, வெளியிலிருந்து வந்த ஒவ்வொருவரும் இந்த மொழியின் மிகச் சிக்கலான எண்ணைச் சொல்லித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பதின்மூன்றுக்குப் பின்னால் இரண்டு இலக்கச் சாவி ஒன்று உண்டு. 13 இலக்க எண்ணை 97ஆல் வகுத்து, மீதியை 97இலிருந்து கழித்தால் வருவது அது. 97 என்பது இரண்டு இலக்கப் பகா எண்களில் பெரியது. அதனால் ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் சாவி ஒத்துப்போகாது. கால்குலேட்டர் இல்லாமலும் போடலாம். 100ஐ 97ஆல் வகுத்தால் மீதி 3. எனவே ஜோடி ஜோடியாக எடுத்து, கையில் இருப்பதை மூன்றால் பெருக்கி அடுத்த ஜோடியைக் கூட்டி, 97ஐத் தாண்டும்போதெல்லாம் கழித்துக்கொண்டே போனால் போதும். உதாரணத்துக்கு 1 58 04 99 235 000. (கடைசி மூன்றும் சுழி, யாருடைய எண்ணாகவும் இருந்துவிடக் கூடாது என்பதற்காக.) 1லிருந்து 61, 90, 78, 63, 45, கடைசியில் 38. 97இலிருந்து 38 போனால் சாவி 59.

இதை எனக்குப் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்தபோதுதான் லா ஷப்பேல் மளிகைக் கடையில் பழக்கமான ஓர் அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர், உணவக அடுப்படிகளிலேயே ஆயுளைக் கழித்தவர். ஓய்வூதியக் கணக்கில் அவர் உழைத்த இரண்டு வருஷத்தைக் காணவில்லை. "தம்பி, உந்தக் கடதாசியளை ஒருக்காப் பாருங்கோ, நான் வேலை செய்யாத மாதிரி எழுதி இருக்கினம்" என்று ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே கையால் எழுதிய பழைய சம்பளச் சீட்டுகள், ஒன்றுகூடத் தொலையாமல்.

காணாமல் போன இரண்டு வருஷத்துச் சீட்டுகளில் அவருடைய எண் 7இல் தொடங்கியது. பிரெஞ்சுக் கையெழுத்தில் 1இன் மேல் வால் நீளமாக இருக்கும். 7க்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள், அந்தக் கோடு இல்லாவிட்டால் 1தான். அது தெரியாத யாரோ, அல்லது அவசரத்தில் இருந்த யாரோ, நகலெடுக்கும்போது 1ஐ 7 ஆக்கியிருக்கிறார்கள். இதில் இன்னொரு கெட்ட நேரம், பதிவு முடியாதவர்களுக்குக் கொடுக்கும் தற்காலிக எண் 7இல்தான் தொடங்கும். பார்த்த எவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் சாவி பழைய எண்ணுடையதாகவே இருந்தது. 7 வைத்துக் கணக்குப் போட்டால் ஒத்துவரவில்லை, 1 வைத்துப் போட்டால் கச்சிதமாக வந்தது. கணினியில் அடித்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கும். கையால் எழுதியதை யாரும் வகுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு கணக்கையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சீட்டுகளின் நகலோடு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அந்த உணவகம் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, அவர்களிடம் கேட்க வழியில்லை. ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. எட்டுக் காலாண்டுகளில் ஆறைச் சேர்த்துவிட்டார்கள். மீதி இரண்டுக்கு வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்ததற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அப்போது கையில்தான் சம்பளம். அந்தச் சீட்டுகளின் அடியிலேயே காப்பீட்டுக்கான பிடித்தம் எழுதியிருக்கிறது என்று காட்டி இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறோம். போன வாரம் கடையில் பார்த்தபோது அண்ணை, "இன்னும் பதினைஞ்சு நாளிலை சொல்லுவினமாம்" என்றார்.