ஆட்குறைப்பா, ராஜினாமாவா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு ஒரு ஷிப்டை எடுப்பார்கள். அதற்கும் பிறகு ஒருநாள் அலுவலகத்தில் இருந்து அழைப்பு வரும். "அண்ணே, கம்பெனி நிலைமை உங்களுக்கே தெரியும். ராஜினாமா கடிதம் தயாரா இருக்கு, கையெழுத்து போட்டுடுங்க. பேர் கெடாம போயிடலாம்."

பல ஆண்டு பழக்கம், தெரிந்த முகம். பலர் அங்கேயே பேனாவை எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்தால் போவது வேலை மட்டுமல்ல. சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்திலும் உதவித்தொகை கிடையாது.

இழப்பீட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். 2 ஆண்டுக்குக் குறைவான சேவை என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். இந்த 20 நாள் ஐந்தாம் ஆண்டுக்குப் பிந்திய சேவைக்கு மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முதல் ஆண்டில் இருந்தே சேரும்.

மாதம் 2,000 ரிங்கிட் சம்பளத்தில் 12 ஆண்டு உழைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசி 12 மாதச் சராசரிப்படி அவருடைய ஒரு நாள் சம்பளம் சுமார் 66 ரிங்கிட். 240 நாளுக்கு 15,800 ரிங்கிட்டுக்குக் கிட்ட வரும். வேலை முடிந்த 7 நாளுக்குள் இது கைக்கு வர வேண்டும். இது போக, 5 ஆண்டைத் தாண்டியவருக்கு 8 வார முன்னறிவிப்பு உண்டு. "நாளை முதல் வர வேண்டாம்" என்றால் அந்த 8 வாரச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். ராஜினாமாவில் கையெழுத்திட்டால் இவ்வளவும் போகும்.

இந்தச் சட்டப்படியான இழப்பீடு மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குவோருக்கு உரியது. அதற்கு மேல் வாங்குவோர் வேலை ஒப்பந்தத்தைப் புரட்ட வேண்டும். சங்க உறுப்பினர்கள் கூட்டு ஒப்பந்தத்தையும் பார்க்கலாம், அதில் கூடுதலாக இருக்கலாம்.

யாரை முதலில் நிறுத்துவது என்பதும் முதலாளியின் இஷ்டம் மட்டுமல்ல. அதே மாதிரியான வேலையில் அந்நியத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்களை நிறுத்திய பிறகே உள்ளூர்த் தொழிலாளியை நிறுத்தலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60என் பிரிவு இதைச் சொல்கிறது. கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. ஆனால் கேட்பவர் குறைவு.

தோட்டங்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பெரும்பாலும் தோட்டமே கைமாறுகிறது. புதிய முதலாளி 7 நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வந்து, தக்க காரணமில்லாமல் மறுத்தால் இழப்பீடு கிடைக்காது. அப்படி யாரும் முன்வராவிட்டால் பழைய முதலாளி கணக்குத் தீர்க்க வேண்டும். "புதிய கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்ற வாய்வார்த்தையை நம்பாமல், பழைய சேவைக்காலம் தொடருமா, வீட்டில் எதுவரை இருக்கலாம் என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது.

சுயவிருப்பப் பணிவிலகல் திட்டம், அதாவது விஎஸ்எஸ், சாதாரண ராஜினாமா அல்ல. அதை ஏற்றவரும் சொக்சோவில் விண்ணப்பிக்கலாம். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடும் உதவித்தொகை முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு. பிறகு படிப்படியாகக் குறையும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் என்ன செய்வது? வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவும் வேலைநீக்கமே என்று வாதாட வழியுண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில். வாட்ஸ்அப் செய்தி, உடனிருந்த சாட்சி எல்லாம் அப்போது உதவும். தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், 61ஆம் நாள் போனால் கதவு மூடிவிடும். இழப்பீட்டுப் பணம் வரவில்லை என்ற புகாருக்குத் தொழிலாளர் இலாகா.

வீட்டில் சொல்லாமல் காலையில் உடுப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. கார் தவணை இரண்டு மாதம் நின்ற பிறகுதான் மனைவிக்குத் தெரியவருகிறது. தவணை தவறும் முன்பே வங்கியிடம் பேசினால் தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே இதற்கு இலவசமாக ஆலோசனை தருகிறது. ஆலோங்கிடம் போவதற்கு முன் அங்கே போகலாம்.

அலுவலகத்தில் கடிதத்தை நீட்டினால், "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று ஒரு நகல் கேட்கலாம். அன்றே கையெழுத்திட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அன்றிரவே வேலைநியமனக் கடிதம், கடைசி 12 மாத பே சிலிப், இபிஎஃப் கணக்கறிக்கை மூன்றையும் எடுத்து ஒரே உறையில் வைத்துக்கொண்டால், மறுநாள் லேபர் ஆபீஸ் போனாலும் சங்கத்துக்குப் போனாலும் அலைச்சல் மிச்சம்.